வார்த்ததல்ல, அடித்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சென்னையின் பொது இடங்களில் இருக்கும் சிற்பங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கடலை ஒட்டிய பூங்கா ஒன்றின் வாசலில் நிற்கிற இரும்புச் செங்காந்தள் கொடியின் படமும் இருந்தது. படம் அருமை. அதற்குக் கீழே இந்த ஒரு வரி: 'அச்சில் வார்க்கப்பட்ட இந்த இரும்புச் செடிகள், தரமற்ற வேலையால் ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிட்டன.'

அந்தக் கொடியைச் செய்தவன் நான். வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கிறேன். தங்கள் பத்திரிகையை 30 வருஷமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உருக்கி அச்சில் ஊற்றி வார்ப்பது வேறு, சூடாக்கிச் சுத்தியலால் அடிப்பது வேறு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிறவரையும் பரோட்டா வீசுகிறவரையும் ஒரே வேலைக்காரர் என்று தாங்கள் எழுதமாட்டீர்கள். மெரினாவில் 1959 முதல் நிற்கிற உழைப்பாளர் சிலை வெண்கலம், வார்த்தது. சுவாமிமலைச் சிலைகள் மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு வார்ப்பவை. அந்த வேலைக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் என் கொடியில் ஒரு சொட்டு இரும்புகூட உருக்கி ஊற்றப்படவில்லை. செங்காந்தள் இலையை வார்ப்பிரும்பில் அத்தனை மெல்லிசாகச் செய்தால், குரங்கு வேண்டாம், ஒரு காக்கா உட்கார்ந்தாலே ஒடியும்.

இந்தச் செடியைத் தங்கள் நிருபர் கிட்டப்போய்ப் பார்த்திருக்கிறாரா தெரியாது. மாநில மலர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வேலை வந்ததும் வேதாரண்யம் பக்கம் இருக்கிற என் மச்சானிடம் சொல்லி நாலு கிழங்கு வரவழைத்தேன். கலப்பை மாதிரியே வளைந்திருக்கும், அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்று பேர். மழைக்காலத்தில் பட்டறையின் பின்சுவரோரம் முளைத்து ஏறியது. அது விஷக் கிழங்கு, பேத்தி ஓடியாடுகிற இடம் என்று வீட்டில் தினமும் திட்டு. சுற்றிலும் கம்பி வலை கட்டிவிட்டு ஒரு சீசன் முழுக்கப் பார்த்தேன்.

மற்ற கொடிகளுக்குப் பற்றிக்கொள்ளத் தனியாகச் சுருள் இருக்கும். இதற்கு இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு இதழ், ஓரமெல்லாம் அலை அலையாக, தலைகீழாகத் தொங்குகிற பூவில் இதழ்கள் மட்டும் மேல்நோக்கி மடங்கி நெருப்பு மாதிரி நிற்கும். பூவின் நடுத்தண்டு அடியிலேயே எல் ஆங்கிள் போல மடங்கிப் பக்கவாட்டில் போகும். நிறம் முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் மஞ்சளும் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. தங்கள் கட்டுரையில் 'ஐந்து இதழ்' என்று இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இலைக்கு 12 மில்லி சதுரக் கம்பி. உலையில் ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சளுக்கு வரும்போது எடுத்து, பட்டறைக்கல்லின் விளிம்பில் வைத்துக் காம்புக்குக் கழுத்து இறக்க வேண்டும். அப்புறம் நடுப்பகுதியைச் சப்பையாக்கி, சுத்தியலின் ஒடுங்கிய வாயால் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி அகலப்படுத்த வேண்டும். நடு நரம்பு சூட்டிலேயே உளியால் போடுவது. கடைசியில் நுனி. அதை 3 மில்லிக்கு இழுத்தால்தான் சுருட்ட முடியும். அந்த மெல்லிசுக் கம்பி உலையை விட்டு வெளியே வந்து நாலு எண்ணுவதற்குள் கறுத்துவிடும். கொஞ்சம் கூடுதலாக விட்டால் வெள்ளையாகி மத்தாப்பு மாதிரி பொறி பறக்கும். பொறி பறந்தால் இரும்பு எரிந்துவிட்டது, அந்த இலை முழுக்கக் குப்பைக்கு. இப்படி 140 இலை. பூ 22. ஒவ்வொரு இதழும் 16 கேஜ், அதாவது சுமார் ஒன்றரை மில்லி கனத் தகட்டில் வெட்டி, சூடாக்கி, ஓரத்தை ஒரு கவைக்கு நடுவில் கொடுத்து நெளித்தது. இரண்டு இதழ் ஒன்றுபோல இருக்காது, ஒப்பிட்டுப் பாருங்கள். சூடு தணியும் நேரத்தில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் இரும்பின் மேல் பொன்னிறம் ஏறும். இதழ் அடிகளில் அந்த நிறம் ஏற்றியிருந்தேன். 'இருந்தேன்' என்று ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

வேலையைப் பார்வையிட வந்த பொறியாளர் ஒருவர் இலை நுனிகளைக் காட்டி, "எல்லாம் வளைஞ்சிருக்கே, ட்ரான்ஸ்போர்ட்ல அடிபட்டிருக்கா? நிமித்திக் குடுங்க" என்றார். சார், அது அப்படித்தான் இருக்கும், இது நம்ம மாநிலப் பூ என்றேன். படத்தில் நேராகத்தானே இருக்கிறது என்று கையில் இருந்த காகிதத்தைக் காட்டினார். அந்தப் படம் கம்ப்யூட்டரில் யாரோ வரைந்தது. நான் நிமிர்த்தவில்லை. அதற்காக என் பில் இரண்டரை மாதம் மேசை மேசையாகத் தூங்கியது.

இப்போது துருவுக்கு வருகிறேன். 'தரமற்ற வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்காற்றில் நிற்கப்போகிறது, முழுக் கொடியையும் துண்டு துண்டாகத் துத்தநாகத்தில் முக்கி எடுங்கள் என்று எழுத்திலேயே கொடுத்தேன். 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கிற துத்தநாகத் தொட்டி அது. அதில் முக்கினால்தான் நெளிவு சுளிவுக்குள் எல்லாம் போகும். பட்ஜெட் இல்லை என்றார்கள். சரி, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கிக் கொடுங்கள், அதையே அடித்துத் தருகிறேன், அடிப்பதற்குக் கஷ்டம், ஆனால் உப்புக்குத் தாங்கும் என்றேன். அதற்கும் இல்லை. துரு பிடிக்காமல் இருக்க ஒரு கோட் ரெட் ஆக்சைடு பெயிண்ட் போதும் என்று முடிவானது. முடிவெடுத்தது நான் இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ராத்திரி ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து முழுக் கொடிக்கும் பச்சை எனாமல் அடித்துவிட்டார்கள். பூவுக்கும் சேர்த்து. செடி என்றால் பச்சைதானே. அப்புறம் யாருக்கோ உறைத்து, இதழ்களுக்கு மேல் போஸ்ட் பாக்ஸ் சிவப்பு அடித்தார்கள். நான் உளியால் போட்ட 140 நரம்பும் அந்தப் பெயிண்டுக்கு அடியில் கிடக்கிறது. சூட்டில் ஏறின கருமையும், பித்தளை தேய்த்த பொன்னிறமும் போயே போச்சு. தங்கள் படத்தில் வழவழவென்று தெரிகிறதே, அதைப் பார்த்துத்தான் நிருபர் வார்ப்பு என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பட்டறைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கல்வெட்டில் என் பெயர் இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உண்மை. அதில் பதினொரு பெயர் இருக்கிறது, விளக்குப் போட்டவர் வரை.

பழைய கதை ஒன்றும் நெஞ்சில் இருக்கிறது, சொல்லாமல் முடிக்க முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் 'அழிந்துவரும் கலை' என்ற தலைப்பில் என் பட்டறையைப் படம் எடுக்க ஒருவர் வந்தார். தங்கள் பத்திரிகையிலிருந்தா வேறு பத்திரிகையிலிருந்தா என்று சொல்லமாட்டேன். கிரைண்டரை மறைக்கச் சொன்னார். உலைக்குக் காற்றடிக்கிற பிளோயரை நிறுத்திவிட்டு, தோல் துருத்தி இருக்கிறதா என்றார். என் தாத்தா காலத்துத் துருத்தி பரணில் எலி கடித்துக் கிடந்தது, அதை இறக்கி வைக்கச் சொன்னார். கடைசியில் சட்டையைக் கழற்றச் சொன்னார். பொறி பறக்கிற இடத்தில் சட்டையில்லாமல் நிற்கிற கொல்லன் எந்த ஊரில் இருக்கிறான்? என் பெரியப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜில், கொல்லு வேலைப் பிரிவான ஸ்மித்தி ஷாப்பில் இருந்தார். முழுக்கைச் சட்டை, தோல் ஏப்ரன், காலில் பூட்ஸ் இல்லாமல் உலைப் பக்கம் போகமாட்டார்.

2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று அரசு அறிக்கை வந்தபோது ஊரே கொண்டாடியது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. நானும் கத்தரித்துப் பட்டறையில் ஒட்டியிருக்கிறேன், புகை படிந்து மஞ்சளாகிவிட்டது. 5,300 வருஷத்துக்கு முந்தைய கொல்லனுக்கு அத்தனை மரியாதை. இன்றைக்கு வியாசர்பாடியில் உலை மூட்டுகிறவன் நிருபருக்கு 'வெல்டிங் ஆள்', அக்கம்பக்கத்துக்குப் புகை போடுகிறவன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, மூலையில் எங்கேயாவது இரண்டு வரி: 'வார்க்கப்பட்ட' என்பதை 'அடித்துச் செய்யப்பட்ட' என்றும், 'ஐந்து' என்பதை 'ஆறு' என்றும் திருத்தி வாசிக்கவும் என்று. என் பெயர் போட வேண்டாம்.

இன்னொன்று, முடிந்தால். அந்தப் பச்சைப் பெயிண்டை உரித்தெடுத்து, துருவைத் தேய்த்து, மறுபடி சரிசெய்து தர நான் தயார். கூலி வேண்டாம், பொருள் செலவு மட்டும் போதும். அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். மூன்றிலும் அடுத்த அலுவலகத்தைத்தான் சொல்கிறார்கள். தங்கள் நிருபருக்கு அங்கே ஆள் தெரியும் என்று கட்டுரையைப் பார்த்தால் தெரிகிறது. கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மழை தொடங்குவதற்குள் என்றால் நல்லது.

இப்படிக்கு,
இரும்புப் பட்டறைக்காரர்,
வியாசர்பாடி, சென்னை.