பாதாளச் சாக்கடை: கட்டுப்பாடு இணைப்புக் குழியில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் பாதாளச் சாக்கடை பொங்கித் தெருவில் ஓடும் படம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. குழாய் சிறியது, பழையது, தூர்வாரவில்லை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெரிய குழாய் போடுவோம் என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. அந்தக் குழாய்க்குள் யார், எதை, எவ்வளவு விடுகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. உள்ளாட்சி அமைப்புகளின் கழிவுநீர் விதிகள் பெரும்பாலும் இணைப்பு கொடுத்த நாளோடு உறங்கிவிடுகின்றன. விண்ணப்பம், கட்டணம், குழாய் பொருத்துதல், அத்தோடு சரி. அந்த விதிகள் விழித்திருக்க வேண்டிய இடம் ஒவ்வொரு கட்டடத்தின் எல்லையிலும், அதன் கழிவுக் குழாய் தெருக் குழாய்க்குப் போகும் வழியில் உள்ள இணைப்புக் குழி. அங்கே கண் வைக்காத ஊரில், சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் சாக்கடை பொங்குவது நிற்காது.

முதலில் மழைநீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால், ஒரு மணி நேரத்தில் இறங்குவது 5,000 லிட்டர். அந்த வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொண்டால், வீட்டின் ஒரு நாள் கழிவு 480 லிட்டர்தான். பத்து நாளில் போக வேண்டிய அளவு ஒரே மணி நேரத்தில் குழாய்க்குள் இறங்குகிறது. தெருவில் உள்ளது 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்றால், முழுக்க நிரம்பி ஓடும்போது அது எடுத்துச் செல்வது நொடிக்குச் சுமார் 15 லிட்டர். ஒரு மாடியிலிருந்து வருவது நொடிக்கு 1.4 லிட்டர். பதினொரு வீடுகள் மாடித் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினாலே குழாய் நிரம்பிவிடும். கழிவுநீர் போக இடமே இருக்காது. அதற்கு மேல் வருவது மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும், அல்லது தாழ்வாகக் கட்டிய வீட்டின் குளியலறை வழியாக உள்ளே ஏறும்.

விட்டத்தைக் கூட்டினால் தீராதா என்று கேட்கிறார்கள். தீராது. கழிவுநீர்க் குழாயில் நாளில் ஒரு முறையாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைத்தால்தான் மணலும் திடக்கழிவும் அடியில் படியாமல் நகரும். தேவைக்கு மேல் பெரிய குழாய் போட்டால், மழையில்லாத நாட்களில் கழிவுநீர் அடியில் மெல்லிசாக ஊர்ந்து போகும். மணல் இறுகும், அழுகல் தொடங்கும், அடுத்த மழைக்கு முன்பே குழாயின் கால்பாகம் தூர்ந்திருக்கும்.

மழைநீர் இணைப்பைக் கண்டுபிடிப்பது கடினமான வேலையும் இல்லை. மேன்ஹோலின் மேல் ஒரு ஊதுவிசிறியை வைத்து, இருபுறமும் குழாயை மணல் மூட்டையால் அடைத்து, நச்சில்லாத புகையை உள்ளே செலுத்தினால், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாயில் புகை எட்டிப் பார்க்கும். அந்த வீடு தவறாக இணைத்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முந்தைய நாளே தெருவாசிகளுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தீ விபத்து என்று பதறிவிடுவார்கள். வீட்டுக்குள் புகை வந்தால் அங்கே தரைவடிகாலின் நீர்ப்பூட்டு, அதாவது வாயு மேலேறாமல் தடுக்கக் குழாய் வளைவில் தேங்கி நிற்கும் நீர், வற்றிப்போயிருக்கிறது என்று பொருள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். மழைநீர்க் குழாயிலேயே நீர்ப்பூட்டு இருந்தால் புகை வெளியே வராது. அங்கே சாயம் கலந்த நீரை மாடியில் ஊற்றி, கீழே மேன்ஹோலில் நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கழிவுநீரேற்று நிலையத்தின் ஓட்ட அளவும் நிறையச் சொல்லும். மழை தொடங்கிய சில நிமிடங்களில் ஓட்டம் எகிறி, மழை விட்டதும் இறங்கினால் அது மாடித் தண்ணீர். மெதுவாக ஏறி, நாட்கணக்கில் இறங்காமல் நின்றால் அது விரிசல் வழியாகக் கசியும் நிலத்தடி நீர். முன்னதற்கு நோட்டீஸ் மருந்து, பின்னதற்குக் குழாய் பழுதுபார்ப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒப்பந்தம் விடுவதால்தான் பணம் வீணாகிறது.

தாழ்வான வீடுகளுக்கு ஒரு விதி கட்டாயம் வேண்டும். சாக்கடை ஓடிவரும் திசையில், இணைப்புக்கு மேல்பக்கத்தில் உள்ள அடுத்த மேன்ஹோல் மூடியின் மட்டத்துக்குக் கீழே கழிப்பறையோ தரைவடிகாலோ இருந்தால், அந்த இணைப்பில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும். மாடிக் குழாய்களையும் அதே வால்வுக்கு முன்னால் சேர்த்துவிட்டால், வால்வு மூடியிருக்கும்போது மேல்தளத்தில் ஊற்றும் தண்ணீர் கீழ்த்தளத்தில்தான் பொங்கும்.

அடுத்தது எண்ணெய். உணவகங்கள், விடுதிகள், பெரிய சமையற்கூடங்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் டிராப் எனும் எண்ணெய் பிடிப்புத் தொட்டி இருக்க வேண்டும் என்று பல ஊர்களில் விதி உண்டு. தொட்டியும் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அது செய்ய வேண்டிய வேலை இதுதான்: வேகமாக வரும் நீரை நிறுத்தி ஆறவிட வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும், சோறும் மண்டியும் அடியில் படியும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் வெளியேறும் குழாயில் கீழ்நோக்கி இறங்கும் ‘டி’ (T) வடிவ இணைப்பு வைக்கிறோம். ஆய்வுக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ‘டி’. சுத்தம் செய்யும்போது கம்பி பட்டு உடைந்திருக்கும், அல்லது அடைக்கிறது என்று யாரோ கழற்றியிருப்பார்கள். அது இல்லாத தொட்டியில் மிதக்கும் எண்ணெய் நேராகச் சாக்கடைக்குப் போகும்.

வெளியே புதைக்கும் தொட்டிக்கு உச்ச ஓட்டத்தில் 30 நிமிடம் நீர் தங்கும் அளவு கொள்ளளவு வைப்பது நடைமுறை. நொடிக்கு ஒரு லிட்டர் வந்தால் 1,800 லிட்டர். மிதக்கும் எண்ணெயும் படிந்த கசடும் சேர்ந்து தொட்டியின் நீர் ஆழத்தில் கால் பங்கை எட்டியதும் காலிசெய்துவிட வேண்டும். ஆழம் ஒரு மீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து 25 சென்டிமீட்டர். ஒளி ஊடுருவும் ஒரு அளவுக்குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுத்தால் இரண்டு அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. மேலே உள்ள ஆடையை மட்டும் வழித்துவிட்டுப் போவது சுத்தம் செய்ததாகாது. முழுவதும் உறிஞ்சி, சுவரைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போக வேண்டும். கழிப்பறைக் குழாயை அதில் சேர்க்கக் கூடாது. எண்ணெயைக் கரைக்கும் என்று விற்கப்படும் திரவங்களை ஊற்றவும் கூடாது. அவை எண்ணெயைத் துளிகளாக உடைத்துத் தொட்டியைத் தாண்ட வைக்கின்றன. தெருக் குழாயில் ஆறியதும் அது மறுபடி ஒன்றுகூடுகிறது.

அப்படிக் கூடும் கொழுப்பு சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பைப்போல் இறுகிவிடும். ஈரத் துடைப்புத் தாள்கள் அதற்கு நாராக அமைகின்றன. 2017இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டெடுத்த இப்படியொரு கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. கழிப்பறையில் போடலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், செயற்கை இழை கலந்த துடைப்புத் தாள் கழிப்பறைக் காகிதத்தைப்போல் நீரில் பிரிவதில்லை.

எண்ணெய் குழாயை அடைக்கிறது என்றால் அமிலமும் எரிபொருளும் உயிரைப் பறிக்கின்றன. சாக்கடை நீரில் கரைந்துள்ள சல்பைடில், பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 7 இருக்கும்போது ஏறத்தாழப் பாதிதான் வெளியேறக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கும். யாரோ அமிலக் கழிவைக் கொட்டி அது 6 ஆக இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு அப்படி மாறிவிடும். இரண்டு தெரு தள்ளி மேன்ஹோல் திறப்பவருக்கு அந்த வாயு காத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வந்தாலே மூக்கு மரத்து, நாற்றம் தெரியாமல் போகும். அதைப்போலப் பல மடங்கு ஏறினால் சில மூச்சுகளில் ஆள் விழுந்துவிடுவார். அதனால்தான் பி.எச். வரம்பு மீறலை வெறும் தாள் குற்றமாக நினைக்கும் போக்கை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அதே வாயு குழாயின் மேற்கூரையில் படிந்து, நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாகி, கான்கிரீட்டைத் தின்கிறது. தண்ணீர் படும் அடிப்பகுதி நன்றாக இருக்கும். மேல்பகுதி கரைந்து ஒருநாள் சாலை உள்வாங்கும்.

எரிபொருளுக்கு உதாரணம் வேண்டுமானால் 1981 பிப்ரவரி 13. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு ஆலையிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன் கரைப்பான் தீப்பற்றி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் சாக்கடை வெடித்துச் சிதறியது. 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாடலஹாராவில் அரித்துப்போன பெட்ரோல் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் சாக்கடையில் சேர்ந்து வெடித்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்கத் தேசிய விதி இன்று 60 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பத்தில் தீப்பற்றக்கூடிய கழிவைச் சாக்கடையில் விடுவதைத் தடை செய்கிறது. பொதுவாகப் பி.எச். 5க்குக் கீழே உள்ளதையும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கும் கழிவையும் அது அனுமதிப்பதில்லை. இதைவிடக் குறைந்த விதியோடு எந்த ஊரும் தொழிற்சாலைக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது.

வரம்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதினால் ஏமாற்றுவது சுலபம். நாளுக்கு 20,000 லிட்டர், லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் 10 கிலோ மாசு. குழாயைத் திறந்து 40,000 லிட்டராக்கினால் 250 மில்லிகிராம் ஆகிவிடும். மாசு அதே 10 கிலோ, நல்ல தண்ணீர் 20,000 லிட்டர் வீண். ஆகவே அனுமதிச் சீட்டில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற சுமை வரம்பும், நீர்த்துப்போகச் செய்வது குற்றம் என்ற வரியும் சேர்ந்து இருக்க வேண்டும். தொட்டி தொட்டியாகக் கழிவு விடும் ஆலைக்கு, அதைத் தேக்கிச் சீராக வெளியேற்றும் சமப்படுத்தும் தொட்டி கட்டாயம். ஒரே நேரத்தில் கொட்டினால் சுத்திகரிப்பு நிலையத்து நுண்ணுயிரிகள் செத்து, மீண்டு வர வாரங்கள் ஆகும்.

செப்டிக் டேங்க் லாரிக்கும் இதே கணக்குதான். அந்தக் கசடின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று கொண்டால், 5,000 லிட்டர் லாரி ஒன்று சுமப்பது 30 கிலோ. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் ஒரு நாள் சுமை. அதை நள்ளிரவில் ஏதோ ஒரு மேன்ஹோலில் இறக்க விடாமல், நிலையத்தில் ஒதுக்கிய இடத்தில், பி.எச். பார்த்து, ஏற்றிய முகவரி எழுதிய சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டும்.

இவ்வளவு விதியும் நிற்பது மாதிரி எடுப்பதில். தொழிற்சாலைக் கழிவு, ஊழியர் கழிப்பறை நீரோடு கலப்பதற்கு முன்பே, சுற்றுச்சுவருக்கு அருகில், காவலாளியின் அனுமதி கேட்காமல் திறக்கக்கூடிய மாதிரிக் குழி வேண்டும். உள்ளே வரும் குழாய் குழியின் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே விழும்படி கட்ட வேண்டும். விழும் நீரில் நேராகப் பாட்டிலைப் பிடிக்கலாம், தேங்கிய நீரை மொள்ள வேண்டியதில்லை. பி.எச்., வெப்பம், எண்ணெய் ஆகியவற்றுக்கு அந்த நொடியில் எடுத்த மாதிரிதான் செல்லும். பி.ஓ.டி., உலோகங்கள் போன்றவற்றுக்கு 24 மணி நேரமும் ஓட்டத்துக்கு ஏற்பச் சேர்த்த கூட்டு மாதிரி வேண்டும். பகல் பதினொரு மணிக்கு எடுத்த ஒரு பாட்டில் இரவு இரண்டு மணிக்கு விட்டதைச் சொல்லாது. எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக்கின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்து காட்டும். பாட்டிலை அதே நீரால் அலசவும் கூடாது. எண்ணெய் மாதிரியில் பி.எச். 2க்குக் கீழே போகும்வரை அமிலம் சேர்க்க வேண்டும். பி.ஓ.டி. மாதிரியை ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். நேரம், இடம், கையொப்பம், முத்திரை இருக்க வேண்டும். ஆலைக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். மாதிரி எடுத்ததில் ஓட்டை இருந்தால் வழக்கு நிற்காது. வரம்பு எவ்வளவு கறாராக இருந்தாலும் பயனில்லை.

தண்டனை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறோம். சாக்கடை இணைப்பைத் துண்டிப்பது வீரமான நடவடிக்கையாகத் தெரியும். மறுநாளே அந்தக் கழிவு மழைநீர் வடிகாலுக்குத் திரும்பிவிடும். எச்சரிக்கை, கெடு, மறுமாதிரி, அபராதம் என்று ஏறி, கடைசியில் மூட வேண்டியது அந்த ஆலையின் தண்ணீர் இணைப்பையும் உற்பத்தியையும்.

அமெரிக்காவில் இந்த விதிகளைக் கடுமையாக மீறிய ஆலைகளின் பட்டியலை உள்ளாட்சி அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை நாளிதழில் வெளியிட வேண்டும் என்பதே சட்டம். நம் உள்ளாட்சிகளின் துணைவிதிகளிலும் அப்படி ஒரு பிரிவு சேர வேண்டும். சேரும்போது தங்கள் நாளிதழ் அந்தப் பட்டியலுக்கு இடம் ஒதுக்க வேண்டுகிறோம்: யார், எந்த வரம்பை, எவ்வளவு மீறினார்கள், சரிசெய்ய எத்தனை நாள் கெடு என்ற நான்கு பத்திகளோடு.

இப்படிக்கு,
கழிவுநீர்க் கட்டமைப்புப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்