குதிரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது

ஆசிரியருக்கு,

வணக்கம். கிர்கிஸ்தானின் சோங்-கோல் ஏரிக்குக் குதிரையில் போய்வருவது பற்றிய கட்டுரையில், ‘முன்பயிற்சி வேண்டாம், குதிரையே பார்த்துக்கொள்ளும்’ என்றிருந்தது. வழியை அது பார்த்துக்கொள்ளும், உண்மைதான். சேணத்தைப் பார்த்துக்கொள்ளாது. (ஊட்டியில் ஒருவர் கயிறு பிடித்து நடத்த, மேலே உட்கார்ந்திருந்ததெல்லாம் பயிற்சிக் கணக்கில் வராது.)

சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம் நடந்ததும் வார் தளர்ந்துவிடும். அப்போது நிறுத்தி மறுபடி இறுக்காவிட்டால் சரிவில் சேணம் பக்கவாட்டில் சுழலும், ஆளும் கூடவே போவார். அங்கவடியின் (கால் வைக்கும் வளையம்) நீளத்தை ஏறுமுன்பே பார்த்துவிடலாம்: அதன் வார் தொங்கத் தொடங்கும் இடத்தில் விரல்நுனியை வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குள்வரை எட்ட வேண்டும். குட்டையாக இருந்தால் சாயங்காலமே முழங்கால் கெஞ்சும்.

அகலமான மலையேற்றக் காலணி அங்கவடியில் சிக்கிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான். குதியில்லாத ஷூவோ முழுதாக உள்ளே வழுக்கிப் போய்விடும். சிறு குதியும் வழவழப்பான அடியும் உள்ளதே சரி. முன்பாதம் மட்டும் ஊன்றட்டும். ஜீன்ஸ் தையல் தொடையை உரித்துவிடும். தலைக்கவசம் அங்கே கிடைக்கும் என்று நம்பாமல் இங்கிருந்தே எடுத்துப்போங்கள். படபடக்கும் மழை அங்கியைக் குதிரைமேல் இருந்தபடி மாட்டினால் அது மிரளும்.

செங்குத்தான இறக்கத்தில் குதிரையைவிட்டு இறங்கி, அதை நடத்திப் போவதே நல்லது. ஓடையில் அது நின்று முன்காலால் தண்ணீரை அறைந்தால் படுத்துப் புரளப் பார்க்கிறது. ‘ச்சூ’ என்று அதட்டி, குதிகாலால் விலாவில் தட்டி உடனே நகர்த்துங்கள்.

அங்குள்ள குதிரைகள் சிறியவை. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஏற்றுவது பாவம். பருமனானவர்கள் பதிவு செய்யும்போதே எடையைச் சொல்லிவிடலாம், இதில் வெட்கம் எதற்கு?

தலைநகர் பிஷ்கெக் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏரி 3,016 மீட்டரில். ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரக்கூடும். நடுவே கொச்கோர் என்ற ஊரில் ஓர் இரவு தங்குங்கள். பிற்பகலில் இடிமழை வரலாம் என்பதால் கணவாயை நண்பகலுக்குள் கடந்துவிடுவது நல்லது. மரமே இல்லாத மேய்ச்சல் வெளியில் குதிரைமேல் இருப்பவர்தான் மின்னலுக்கு உயரமான இலக்கு.

பயணக் காப்பீடு எடுப்போர் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். சிலவற்றில் குதிரையேற்றமே சேராது; சிலவற்றில் 3,000 மீட்டரோடு வரம்பு முடிந்துவிடும். ஏரிக்கரை அதற்கு 16 மீட்டர் மேலே!

இப்படிக்கு,
குதிரையேற்றப் பயிற்றுநர், கோவை