மூன்று மணி நேரம், எப்போதிலிருந்து?

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,
ஹைதராபாத்.

வணக்கம்.

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருப்பதால், மதியத்துக்கு மேல் வருகிறவர்களில் நிறையப் பேர் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள். ஆதாரை முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுக்கச் சொல்வார்கள். பழைய மருந்துச் சீட்டு, போன வருஷத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வரும். எதற்கு என்று கேட்டால், "இன்சூரன்ஸ்ல க்வெரி போட்டுட்டாங்க" என்பார்கள். இன்னும் ஏதோ விளக்கமோ பேப்பரோ கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2024 மே 29 அன்று நீங்கள் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையைப் படித்திருக்கிறேன். நல்ல சுற்றறிக்கை, முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. நோயாளி கையிலிருந்து கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அப்ரூவல் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால், தாமதத்துக்காக ஆஸ்பத்திரி போடும் கூடுதல் தொகையை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். கிளெய்முக்கான ஆவணங்களை பாலிசிதாரரிடம் கேட்காமல் ஆஸ்பத்திரியிடமிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் போட்டிருக்கிறீர்கள். (அந்த வரியை நிறுவனங்கள் மதித்தால் எனக்கு வியாபாரம் அடிபடும். பரவாயில்லை, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் இருக்கவே இருக்கிறது.)

எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான். அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்கியது என்று நோயாளிக்கு யார் சொல்வது?

என் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "நீங்க கிளம்பலாம்மா" என்றார். நர்ஸ் வந்து கையிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டிவிட்டுப் போனார். அம்மா புடவை மாற்றிக்கொண்டு, தலை வாரி, பிளாஸ்க்கையும் டம்ளரையும் ஒயர் கூடையில் அடுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு வண்டி வந்தபோது, "டிஸ்சார்ஜ் பேஷன்ட், லிஸ்ட்ல பேர் இல்லை" என்று எங்கள் அறையைத் தாண்டிப் போனது. நான் கீழே இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனேன். "மெயில் போட்டாச்சு சார், டிபிஏ-லதான் பெண்டிங்" என்றார்கள். டிபிஏ என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்ம் வேலையைப் பார்க்கும் இடைநிலை கம்பெனி. டிபிஏ-வின் கால் சென்டருக்குப் பேசினால், "ஆஸ்பத்திரியிலிருந்து ஃபைனல் பில் இன்னும் வரவில்லை" என்றார்கள். இரண்டு பேரும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஒரு க்வெரி வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் தெளிவாக இல்லை, இன்னொரு நகல் வேண்டுமாம். அந்த ரிப்போர்ட் அதே ஆஸ்பத்திரியில் எடுத்தது! ராத்திரி அப்ரூவல் வந்தபோது பில்லில் இன்னொரு நாள் அறை வாடகை ஏறியிருந்தது.

அந்த வாடகையை நிறுவனம்தான் கட்ட வேண்டும் என்று உங்கள் சுற்றறிக்கையைக் காட்டினேன். "எல்லாப் பேப்பரும் முழுசாக வந்த நேரத்திலிருந்துதான் கணக்கு, அதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டோம்" என்று டிபிஏ சொன்னது. அது உண்மையாகவும் இருக்கலாம். மருந்துக் கடையில் மீதி மருந்தைத் திருப்பிக் கணக்கு முடிப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆவது என்று ஆஸ்பத்திரியே பாதிப் பகலைத் தின்றிருக்கலாம். யார் தாமதித்தார்கள் என்பது அவர்கள் இருவரின் கம்ப்யூட்டரிலும் நிமிஷக் கணக்கோடு பதிவாகியிருக்கும். பணம் கட்டுகிற எனக்கு மட்டும் தெரியாது.

இது பெரிய ஆஸ்பத்திரி, பெரிய சம்பளம் சம்பந்தப்பட்ட கவலை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு உடம்புக்கு என்றால் ஸ்டான்லி, பிரசவத்துக்கு என்றால் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம், இரண்டும் அரசு ஆஸ்பத்திரிகள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். அதற்கு மேல் சம்பாதிக்கும் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு, அதன் அயனாவரம் ஆஸ்பத்திரி. மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருப்பவருக்குச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் கொஞ்ச நாளில் ஈஎஸ்ஐ-யும் போய்விடும். கம்பெனி அவர் கையில் ஒரு குரூப் பாலிசி அட்டையைக் கொடுக்கும். சம்பளம் ஏறியதில் சந்தோஷம்தான். ஆனால் அதுவரை எந்த அப்ரூவலுக்கும் காத்திருக்காத மனிதர் முதல் முறையாக டிபிஏ என்ற சொல்லைக் கேட்பது, மனைவியோ குழந்தையோ படுக்கையில் இருக்கும்போதுதான். அவர்களில் பலருக்கு அடுத்த நாள் லீவு போட்டால் சம்பளம் கிடையாது. அதனால் எவ்வளவு கேட்டாலும் கட்டிவிட்டு வெளியே வரத்தான் பார்ப்பார்கள். ஒருநாள் சாயங்காலம், க்வெரிக்கு நகல் எடுக்க வந்த ஒரு பெண், சில்லறையை எண்ணிக்கொண்டே, இங்கே அடகுக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டார்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். உங்கள் பீமா பரோசா புகார்த் தளம் இருக்கிறது, 155255 என்ற உதவி எண் இருக்கிறது, அண்ணா சாலையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை எடுத்துக்கொள்கிறார்கள். கிளெய்மையே மறுத்துவிட்டார்கள் என்றால் கட்டாயம் போங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்கிறேன். முதலில் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அதுவும் சரி. ஆனால் ஒரு நாள் அறை வாடகைக்காக யார் இத்தனை படி ஏறுவார்கள்? ஏறினாலும் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? கோரிக்கை போன நேரமும் தெரியாது, போய்ச் சேர்ந்த நேரமும் தெரியாது.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் செய்தால் பதிவானதற்கு ஒரு எஸ்எம்எஸ், பில் போட்டதற்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறது. லட்ச ரூபாய் பில்லுக்கு அது ஏன் வரக் கூடாது? ஆஸ்பத்திரி ஃபைனல் பில்லை அனுப்பிய நிமிஷமே, பாலிசியில் இருக்கும் போன் நம்பருக்குத் தமிழில் ஒரு வரி வரட்டும்: இந்த நேரத்தில் கோரிக்கை வந்தது, இந்த நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று. க்வெரி போட்டால் அதுவும் எங்களுக்கு வரட்டும். என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று தெரியட்டும். ஆஸ்பத்திரியின் கையிலேயே இருக்கும் பேப்பருக்காக க்வெரி போட்டால் கடிகாரம் நிற்கக் கூடாது. இது இல்லாவிட்டால், இரண்டு மணி ஐம்பது நிமிஷத்தில் ஒரு க்வெரியைப் போட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதை யார் தடுப்பது?

ஆஸ்பத்திரிகள் உங்கள் அதிகாரத்துக்குள் வரமாட்டா, தெரியும். அவற்றுக்கு மாநில அரசின் சட்டம் இருக்கிறது. ஆனால் கேஷ்லெஸ் தரும் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தோடோ டிபிஏ-வோடோ ஒப்பந்தம் போட்டுத்தான் தருகிறது. டாக்டர் டிஸ்சார்ஜ் சொன்ன நேரம், பில் அனுப்பிய நேரம், அப்ரூவல் வந்த நேரம் மூன்றையும் ஃபைனல் பில்லில் அச்சிட வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்கும்படி நிறுவனங்களுக்கு நீங்கள் உத்தரவு போடலாம். தாமதம் நிறுவனத்தால் என்று அந்த பில்லே காட்டினால், கூடுதல் வாடகையை நோயாளியிடம் வாங்காமல் நேராக நிறுவனத்தின் கணக்கில் எழுதச் சொல்லலாம். ஆஸ்பத்திரியால் தாமதம் என்றால் அந்த வாடகையைப் போடவே கூடாது என்று அதே ஷரத்தில் எழுதலாம்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2024-இல் போட்ட சுற்றறிக்கைக்கு ஒரு பக்க இணைப்பு போதும். அது எந்தத் தேதியில் வரும் என்று பதில் எழுதினால், அதையும் நகல் எடுத்துக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21.