கயலுக்கு: பெயருக்கு முன்னால் ஸ்ருதி

அன்புள்ள கயல்,

'ஹேட்ஸ்டவுன்' இசை நாடகத்தைப் படமாக்கினால் யார் யாரைப் போடலாம் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஐந்து பாத்திரங்களுக்குப் பதினான்கு பெயர்கள். அதில் ஆறு பேருக்கு எதிரே 'பாடுவார்னு நினைக்கிறேன்' என்று குறித்திருக்கிறாய். அந்த ஆறு பேரையும் இப்போதே அடித்துவிடு. மிச்சம் எட்டுப் பேரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆள் தேடுவதற்கு முன்னால் ஸ்ருதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நாடகத்தில் அது ரொம்பக் கறாரான விஷயம். ஹேடிஸ் பாதாளத்துக்கு ராஜா. மந்த்ர ஸ்தாயியின் அடிமட்டத்தில் பாடுகிறவன். 2010-ல் இதை எழுதிய அனைஸ் மிட்செல் இசைத்தொகுப்பாக வெளியிட்டபோது அந்தப் பாகத்தைப் பாடியவர் க்ரெக் ப்ரவுன்; 2019-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பாட்ரிக் பேஜ். இரண்டுமே நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற குரல்கள். பாதாளத்துக்குப் போய்விட்ட காதலி யூரிடிஸியைப் பாட்டாலேயே மீட்கப் போகிற ஆர்ஃபியஸ் நேரெதிர். அவன் பாட்டு மேலே போய், அங்கே கள்ளக் குரலாக (ஃபால்செட்டோ) மாறி மிதக்கும்.

நட்சத்திரத்துக்காக ஸ்ருதியை இறக்குவது சினிமாவில் சர்வ சாதாரணம். அரைக்கட்டை இறக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஆர்ஃபியஸுக்கு இரண்டு கட்டை இறக்கிப் பார்: கள்ளக் குரலுக்கே வேலை இல்லாமல் போய், இயல்பான குரலில் பாடி முடித்துவிடுவார். பாட்டு சுலபமாகும், பாதாளத்து ராஜாவையே இளக்கிய குரல் இதுதான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஹேடிஸை அதே அளவு ஏற்றினால் அதட்டல் மிஞ்சும், பயம் போய்விடும். இந்த இரண்டு பேருக்கும் பேரமே கிடையாது. யூரிடிஸி, ஹேடிஸின் மனைவி பெர்ஸெஃபனி பாகங்களில் கொஞ்சம் இழுத்து விடலாம்.

சோதனைக்கு யாருடைய பழைய ரெக்கார்டிங்கையும் நம்பாதே. பியானோ மட்டும் வைத்து, நின்றபடி ஒரு தடவை, நடந்தபடி ஒரு தடவை, பிறகு முகத்துக்கு ஓரடி தூரத்தில் கேமராவை வைத்துத் தணிந்த குரலில் ஒரு தடவை பாடச் சொல். மூன்றாவதில் சாயம் வெளுத்துவிடும். மேடைக்காரர்கள் கடைசி வரிசைக்காக வாயைத் திறந்து பழகியவர்கள். அந்தத் தாடை க்ளோஸ்-அப்பில் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சினிமாக்காரர்களுக்கு முகம் பேசும், மூச்சு பத்தாது. வரியின் கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே விழுந்துவிடும்.

அடுத்து, குரலை எங்கே பிடிப்பது என்று முடிவு செய். ஸ்டூடியோவில் முன்பே பாடிப் பதிந்துவிட்டு, செட்டில் அதை ஓடவிட்டு வாயசைப்பது வழக்கமான முறை. அதில் உதடு பொருந்திவிடும்; கழுத்து நரம்பும் விலாவும்தான் காட்டிக்கொடுக்கும். மைக் முன்னால் அசையாமல் நின்று பாடிய குரல் அது. படத்தில் நடிகை படியேறி ஓடி வந்தல்லவா பாடுகிறாள்? அதனால் பதிவில் மூச்செடுப்புகளை அழிக்காமல் விடச் சொல்ல வேண்டும். செட்டிலும் வெறுமனே வாயசைக்காமல் முழுத் தொண்டையில் கூடவே பாட வேண்டும்.

செட்டிலேயே பாட வைப்பது இன்னொரு வழி. 2012-ல் வந்த 'லே மிஸெராப்ல்' படத்தில் அதைத்தான் செய்தார்கள். நடிகர் காதில் சின்னக் கருவி. மறைவில் உட்கார்ந்த பியானோக்காரர் நடிகரின் போக்குக்கு வாசிப்பார். ஆர்கெஸ்ட்ரா பிறகுதான் அதன்மேல் ஏறும். துணி உரசும் சத்தம் கேட்கக் கூடாதென்று மைக்கை உடைக்கு மேலேயே வைத்துவிட்டு, பின்னால் கணினியில் அழித்தார்கள். ஆன் ஹாத்தவேயின் பெரிய பாட்டு ஒரே நீளமான க்ளோஸ்-அப்பில் ஓடுகிறதே, அதில் ஒரு தொழில் வசதியும் இருக்கிறது. பியானோ நடிகரைப் பின்தொடர்ந்தால் டேக்குக்கு டேக் காலப்பிரமாணம் மாறும். மூன்றாவது டேக்கின் பாதியையும் ஐந்தாவதின் பாதியையும் எடிட்டர் ஒட்ட முடியாது. ஒன்று, நான்கைந்து கேமரா வைத்து ஒரே டேக்கில் எல்லாக் கோணமும் எடு. இல்லையென்றால் முகத்தை விட்டு நகராதே. ஆட்டம் இருக்கிற பாட்டுக்கு இது உதவவே உதவாது. அங்கே எல்லோர் காதிலும் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் ஓடியாக வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒருவர் இருவர் பாடுவதை நேரடியாகவும் பாதாளத் தொழிலாளர்களின் கோரஸை முன்பதிவாகவும் வைப்பேன். இரண்டையும் கலக்கும்போது அறை மாறுகிற உறுத்தல் வரும். செட்டில் உபயோகிக்கப்போகிற அதே ரக மைக்குகளை ஸ்டூடியோவிலும் வைத்துப் பதிந்தால் பாதி சரியாகிவிடும்.

பின்னணிக் குரல் போட்டால் என்ன என்று கேட்பாய், நம்ம ஊர்ப் பெண்தானே. ஹாலிவுட்டிலும் அது நடந்தது, ஆனால் திருட்டுத்தனமாக. 1956-ல் டெபோரா கெர்ருக்கும், 1961-ல் நடாலி வுட்டுக்கும், 1964-ல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியது ஒரே ஆள், மார்னி நிக்ஸன். டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. 'மை ஃபேர் லேடி' உரிமைக்கு மட்டும் 55 லட்சம் டாலர் கொடுத்திருந்த தயாரிப்பாளர் ஜாக் வார்னர், மேடையில் அந்த வேடத்தில் கொடிகட்டிப் பறந்த ஜூலி ஆண்ட்ரூஸை விட்டுவிட்டு, சினிமா மார்க்கெட் உள்ள ஹெப்பர்னைப் போட்டார். ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை. அந்த வருடம் விருதை வாங்கியது வேறொரு படத்தில் நடித்த அதே ஜூலி ஆண்ட்ரூஸ். 'மை ஃபேர் லேடி'யின் நாயகன் ரெக்ஸ் ஹாரிசனோ வாயசைக்கவே முடியாது என்று சொல்லி, டைக்குள் ஒயர்லெஸ் மைக் வைத்துக்கொண்டு நேரடியாகப் பாதி பேசிப் பாதி பாடினார். அவருக்கு ஆஸ்கர்! நம்மிடம் பின்னணிப் பாடகிக்குத் தனிப் பெயர், தனி ரசிகர், தனிக் கச்சேரி உண்டு. அங்கே அதை ஏமாற்று என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாமும் அப்படித் தொடங்கியவர்கள் இல்லை. 1934 'பவளக்கொடி'யில் பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் பாடி நடித்த வேடங்களோடுதான் படத்துக்குள் வந்தார்கள்.

வயது விஷயத்தில் நீ ஏமாந்திருக்கிறாய். மேடையில் பத்து வயது பொய் சொல்லலாம், கேமராவிடம் இரண்டு வயதுகூடச் சொல்ல முடியாது. 'டியர் எவன் ஹேன்ஸன்' நாடகத்தில் பள்ளிப் பையனாகப் பெரும்பேர் வாங்கிய பென் பிளாட், 2021-ல் வந்த படத்திலும் அவரே நடித்தார். எடுக்கும்போது வயது இருபத்தேழை ஒட்டி. பாட்டில் ஒரு குறையும் இல்லை, பார்த்தவர்கள் பேசியதெல்லாம் அவர் முகத்தைப் பற்றித்தான். 1996-ல் மேடையேறிய 'ரென்ட்' 2005-ல் படமானபோதும் பெரும்பாலும் பழைய ஆட்களே. வாடகை கட்ட வழியில்லாத இளசுகள் என்று கதை சொல்கிறது, முகங்கள் வேறு சொல்கின்றன. அதனால் 'ஒரிஜினல் ஆட்களையே போடுங்கள்' என்கிற கட்சியில் நான் இல்லை. ஒரே விலக்கு பாட்ரிக் பேஜ். ஹேடிஸுக்கு வயது ஏற ஏற நல்லது.

அடுத்த சிக்கல் இடைவேளை. முதல் பாகம் சுவர் கட்டும் பாட்டில் முடிகிறது. விளக்கு எரியும், ஜனங்கள் காபிக்குப் போவார்கள், திரும்பி வந்ததும் பெர்ஸெஃபனி உல்லாசமாகப் பாடிக்கொண்டே மேடையில் இருக்கிற வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வாள். நம்ம தியேட்டரில் என்றால் இது அப்படியே பொருந்தும். ஹாலிவுட் படத்துக்கு இடைவேளை கிடையாது; சுவர்ப் பாட்டு முடிந்த அடுத்த நொடியே உல்லாசம் வந்தால் சுவரின் கனம் கரைந்துவிடும். 'விக்கெட்' படத்தை முதல் பாக முடிவிலேயே வெட்டி 2024-லும் 2025-லும் இரண்டு படமாக விட்டார்கள். ஹேட்ஸ்டவுனில் அந்த அளவுக்குச் சதை இல்லை. நான் வாத்தியக்காரர் அறிமுகத்தை வெட்டிவிட்டு, நடுவில் பாட்டே இல்லாமல் இரண்டு நிமிடம் யூரிடிஸி வேலை செய்வதை மட்டும் காட்டுவேன்.

பாட்டுகளின் முடிவையும் பார்த்துக்கொள். மேடைப் பாட்டு 'டடாங்' என்று முடிந்து, நடிகர் கையைத் தூக்கியபடி நிற்பார். கைதட்டலுக்கான இடம் அது. படத்தில் யாரும் தட்டாதபோது அந்த மூன்று நொடி அநாதையாக நிற்கும். அந்தக் கடைசி அடியை எடுத்துவிட்டு அடுத்த காட்சியின் சத்தத்தை உள்ளே இழுத்துவிட வேண்டும்.

பாதாளத்துக்குப் போகிற ரயில் பற்றி நீ எழுதியிருப்பதைப் படித்ததும்தான் கொஞ்சம் கவலை வந்தது. பாதாளத்துக்குப் போகும் வழியை மேடையில் எப்படிக் காட்டுகிறார்கள்? மேலிருந்து தொங்குகிற சில விளக்குகளைக் கோரஸ் ஆட்கள் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள். அவை ஊஞ்சலாடுகின்றன, ஆர்ஃபியஸ் நடுவே நிற்கிறான். அவ்வளவுதான். நீ அதற்குப் பதில் சுரங்கம், நீராவி எஞ்சின், எரிமலைக் குழம்பு என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். காசு இருக்கிறதே என்று இட்டு நிரப்பாதே. விளக்கை வைத்துக்கொள், எஞ்சினைக் காதுக்கு மட்டும் கொடு.

கடைசியில் அந்தத் திரும்பிப் பார்க்கிற இடம். ஆர்ஃபியஸ் முன்னால் நடக்க யூரிடிஸி பின்னால் வரலாம், வழியில் அவன் திரும்பிப் பார்த்தால் அவளை இழந்துவிடுவான் என்பதுதான் ஹேடிஸின் நிபந்தனை. மேடையில் யூரிடிஸி பின்னால் வருவதைச் சபை முழுக்கப் பார்க்கிறது, அவள் பாடுவதும் நமக்குக் கேட்கிறது. அவனுக்கு மட்டும் கேட்காது. அவன் திரும்புகிறான், நடுமேடை கீழே இறங்குகிறது, அவள் போய்விடுகிறாள். படத்திலும் இருவரையும் ஒரே ஃப்ரேமில் வைத்தால், 'இதோ இருக்கிறாளே, முட்டாள்' என்று நமக்கு அவன்மேல் எரிச்சல்தான் வரும். அதனால் இருவரோடும் தொடங்கு. ஒவ்வொரு ஷாட்டிலும் அவளைக் கொஞ்சம் மங்கலாக்கு. குரலை ஒரு வரியில் நிறுத்து, காலடியை இன்னும் கொஞ்ச தூரம் விடு, பிறகு அதையும் நிறுத்து. அவன் முகம் மட்டும் மிச்சம். இருபது நொடி. அவள் வருகிறாளா என்று பார்க்கிறவருக்கே சந்தேகம் வந்துவிட வேண்டும், அப்புறம் திரும்பட்டும்.

அந்த இருபது நொடியில் பாட்டு இல்லை. ஆகவே ஆர்ஃபியஸ் தேர்வின் இரண்டாம் சுற்றில் யாரையும் பாட விடாதே. கேமராவைப் பார்த்து நடந்து வரச் சொல், பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லாதே. உன் எட்டுப் பேரில் இதைத் தாங்குகிறவர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது. யாரென்று இப்போது சொல்ல மாட்டேன், நீ பார்த்துவிட்டு எழுது.

கதைசொல்லி ஹெர்மிஸுக்கு இரண்டாவதாக ஒரு பெண்மணியின் பெயர் போட்டிருக்கிறாய், எனக்குச் சம்மதம். ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கிய வேடம்தான், ஆனால் பிறகு பிராட்வேயிலேயே லிலியாஸ் வைட் நடித்திருக்கிறார். பாகம் பாதி பேச்சு, ஸ்ருதி மாற்றினாலும் சேதம் இல்லை. ஒன்று மட்டும்: கதைசொல்லி கேமராவை நேராகப் பார்த்துப் பேசுவது படத்தில் மூன்று தடவைக்கு மேல் தாங்காது. உன் திரைக்கதையில் பதினொன்று எண்ணினேன். எந்த எட்டை எடுக்கப்போகிறாய் என்று அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
அம்மா