போர் வரலாற்று நூல்களுக்கு மலிவுப் பதிப்பு வேண்டும்: தென்னாப்பிரிக்க, பிரிட்டன் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவிலும் பிரிட்டனிலும் இராணுவ வரலாற்று நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அவற்றின் உரிமையை வைத்திருக்கும் ஆசிரியர் குடும்பத்தாருக்கும்,

வணக்கம்.

ரோடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) செலூஸ் ஸ்கவுட்ஸ், எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை, தென்னாப்பிரிக்காவின் 32 பட்டாலியன், நமீபியாவில் இயங்கிய கூஃபுட் ஆகிய கிளர்ச்சி எதிர்ப்புப் படைகளைப் பற்றி 1980-களிலும் 90-களிலும் வந்த நூல்களில் பல இன்று பழைய புத்தகச் சந்தையில்தான் அகப்படுகின்றன. கெட்டி அட்டை முதல் பதிப்புக்கு 100 டாலருக்கு மேல் விலை சொல்வது சாதாரணமாகிவிட்டது. ஆசிரியர் கையெழுத்து இருந்தால் விலை இன்னும் ஏறும். நாங்கள் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை. மெல்லிய அட்டை, கறுப்பு வெள்ளைப் படங்கள், சொல் தேட வசதியுள்ள மின்னூல் என்று ஒரு எளிய பதிப்பைத்தான் கேட்கிறோம்.

இந்த நூல்களுக்கு மாற்று கிடையாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம். 1980-இல் வெள்ளைச் சிறுபான்மையினரிடமிருந்து ஆட்சி கைமாறும் முன் ரோடீசியப் பாதுகாப்புத் துறையின் கோப்புகள் ஏராளமாக எரிக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் 1993-இல் உளவுத்துறைத் தலைமையகம் மட்டுமே சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 44 டன் ஆவணங்களை அழித்ததாக, நிறவெறி ஆட்சிக் கால மீறல்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. கோப்பு போன இடத்தில் மிஞ்சியிருப்பது நினைவுக் குறிப்புகள். அவை ஒருதலைப்பட்சமானவை, தம் தரப்பை நியாயப்படுத்துபவை. ஆனாலும் யார் எந்த நாளில் எந்த வண்டியில் எந்த வழியாகப் போனார் என்பதை அவற்றில்தான் படிக்க முடிகிறது. பொய்யைச் சரிபார்க்கவும் மூலநூல் கையில் இருக்க வேண்டுமே.

மொசாம்பிக்கில் இருந்த நியாட்சோன்யா முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஆகஸ்ட் 9 அன்று செலூஸ் ஸ்கவுட்ஸ் அணி மொசாம்பிக் படையின் வண்ணம் பூசிய வண்டிகளில் அந்த முகாமுக்குள் நுழைந்து சுட்டது. இறந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ரோடீசியத் தரப்பு அதைக் கெரில்லாப் பயிற்சி முகாம் என்றது. ஐ.நா. அகதிகள் ஆணையமோ அகதி முகாமாகவே அதைப் பதிவு செய்திருந்தது. தாக்கியவர்களின் விவரிப்பை விலை உயர்ந்த கெட்டி அட்டைக்குள் வைத்துவிட்டால், அதை மறுத்து எழுத வேண்டிய ஹராரே மாணவருக்கு அது எட்டாது. அதை வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தப் படையை ஏற்கெனவே போற்றுகிற சேகரிப்பாளர்கள்தாம்.

இதன் விளைவு விளையாட்டல்ல. ரோடீசியச் சின்னம் பொறித்த சட்டையும் தொப்பியும் எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. வீரக்கதை பேசும் காணொளிகளுக்கோ காசே வேண்டாம். 2015-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பின மக்களைக் கொன்றவன் தன் முகநூல் படத்தில் ரோடீசியக் கொடியைச் சட்டையில் குத்தியிருந்தான். தன் இணையதளத்துக்குக் கடைசி ரோடீசியன் என்றே பெயர் வைத்திருந்தான். சின்னம் கைக்கெட்டும் தூரத்திலும் வரலாறு எட்டாத உயரத்திலும் இருப்பது எங்களுக்குக் கவலை தருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஸ்.ஏ.எஸ். தவிர்த்த மற்ற மூன்று படைகளில் சண்டையிட்டவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின வீரர்கள். 1973-இல் ரான் ரீட் டேலி அமைத்த செலூஸ் ஸ்கவுட்ஸின் உயிர்நாடியே, பிடிபட்டுப் பக்கம் மாறிய கெரில்லாக்கள்தாம். கெரில்லா வேடத்தில் ஊருக்குள் போய்ச் சோறு கேட்டு, யார் உதவுகிறார்கள் என்று கண்டுபிடித்துப் படைக்குச் சொல்வார்கள். அவர்கள் நடமாடும் பகுதிக்குள் வேறு எந்த அரசுப் படையும் நுழையக் கூடாது; நுழைந்தால் தங்கள் ஆட்களையே சுட்டுவிடுவார்கள். 32 பட்டாலியன் 1975-இல் யான் பிரெய்டன்பாக் அங்கோலாவின் எஃப்.என்.எல்.ஏ. விடுதலை இயக்க வீரர்களை வைத்துக் கட்டியது. 1993-இல் அது கலைக்கப்பட்டபோது அந்தக் குடும்பங்கள் பொம்ஃப்ரெட் என்ற பழைய கல்நார்ச் சுரங்க ஊரில் இருந்தன. கூஃபுட்டின் தடம் பார்ப்பவர்கள் வட நமீபியாவின் ஓவாம்போ மக்கள். ஓர் அணிக்கு நான்கு காஸ்பிர் கவச வண்டிகள், சுமார் 40 பேர். அதிகாரிகள் சிலர் மட்டுமே வெள்ளையர். எழுதியவர்களோ பெரும்பாலும் அந்த அதிகாரிகளும் அவர்களுடைய நண்பர்களும். நமீபியாவின் ஓஷகாட்டியில் இருக்கும் ஒரு பேரன், தன் தாத்தா அந்த வண்டியில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள ஒரு மாதச் சம்பளத்தையா கொடுக்க வேண்டும்?

வாங்க நினைக்கும் வாசகர் எங்கெல்லாம் இடறுகிறார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். பாதிச் சிக்கல் உங்கள் தரவுப் பதிவிலேயே இருக்கிறது.

முதல் இடறல் தலைப்பு. ரீட் டேலி சொல்ல பீட்டர் ஸ்டிஃப் எழுதிய ‘செலூஸ் ஸ்கவுட்ஸ்: டாப் சீக்ரெட் வார்’ 1982-இல் வந்தது. அதே படையைப் பற்றி ஸ்டிஃப் 1984-இல் ஒரு படத் தொகுப்பு வெளியிட்டார். 1999-இல் ரீட் டேலி பெயரில் ‘பம்வே செட்டே: த லெஜண்ட் ஆஃப் த செலூஸ் ஸ்கவுட்ஸ்’ வந்தது. 2011-இல் பீட்டர் பாக்ஸ்டரின் மெலிந்த நூல் ஒன்றும் வந்தது. நான்கின் தலைப்பிலும் படையின் பெயர் இருக்கிறது. விற்பவர் ‘செலூஸ் ஸ்கவுட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாசகர் முழு வரலாற்றுக்குக் காசு கட்டிவிட்டுப் படப் புத்தகத்தைப் பெறுவார். ரோடீசிய எஸ்.ஏ.எஸ். பற்றிய பார்பரா கோலின் ‘தி எலீட்’ நூலுக்கும் இதே கதி. 1984-இன் முழு நூலுக்குப் பின்னாலேயே படத் தொகுப்பும் வந்தது. ஆண்டு, பக்க எண்ணிக்கை, கட்டு வகை இந்த மூன்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பக் கூடாது.

அடுத்தது ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண். 2007-க்கு முந்தைய நூல்களில் பத்து இலக்க எண் இருக்கும். இன்றைய தேடு பொறிகள் பலவும் பதின்மூன்று இலக்கத்தைக் கேட்கின்றன. பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, கடைசி இலக்கம் மாறும். பழைய கடைசி இலக்கத்தை நீக்குங்கள். மிஞ்சிய ஒன்பதுக்கு முன்னால் 978 சேர்த்தால் பன்னிரண்டு இலக்கம் வரும். அவற்றை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ அதுதான் புதிய கடைசி இலக்கம். கூட்டுத்தொகையே பத்தின் மடங்கானால் 0. இந்தக் கணக்கு தெரியாததால், மலிவுப் பிரதி ஒன்று விற்பனைக்கு இருந்தும் கண்ணில் படாமல் போகிறது. உங்கள் பழைய நூற்பட்டியலில் இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் இந்த வேலை மிச்சம்.

தலைப்பை விட ஆசிரியர் பெயரால் தேடுவது நல்லது. தென்னாப்பிரிக்க ஏல, விற்பனைத் தளங்களில் ‘கிரென்ஸ்ஊர்லோக்’ (Grensoorlog) என்று, நமீபியா–அங்கோலா எல்லையில் தென்னாப்பிரிக்கா நடத்திய எல்லைப் போரை ஆஃப்ரிகான்ஸில் குறிக்கும் சொல்லைப் போட்டுத் தேடினால், ஆங்கிலத் தேடலில் வராத பிரதிகள் வரும். மெல்லிய அட்டை மறுபதிப்பில் உரை அப்படியே இருந்தாலும் படத்தாள்கள் குறைந்திருக்கலாம்; அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நூலகம் கழித்துவிட்ட பிரதிக்கு முத்திரையும் ஒட்டிய பையும் இருக்கும்; படிப்பதற்கு அதுவே போதும், விலையும் குறைவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒற்றைப் புத்தகம் வரவழைத்தால் அனுப்பும் செலவு நூலின் விலையைத் தாண்டிவிடலாம் என்பதால், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்குவதே கட்டுப்படியாகும்.

காசில்லாமல் படிக்கக் கிடைப்பவையும் உண்டு. ரோடீசிய அனுபவம் பற்றி அமெரிக்க ஆய்வு அமைப்பான ரேண்ட் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஆய்வும், கெரில்லா வேடமிடும் போலிக் குழுக்களின் நடவடிக்கைகள் பற்றி அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி 2005-இல் வெளியிட்ட லாரன்ஸ் கிளைனின் ஆய்வும் இணையத்தில் முழுமையாக இருக்கின்றன. உண்மை ஆணைய அறிக்கையின் இரண்டாம் தொகுதியில் கூஃபுட்டைப் பற்றிப் படிக்கலாம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ‘சயன்ஷியா மிலிட்டாரியா’ இதழும் திறந்தே கிடக்கிறது. இவற்றைப் படித்தவருக்கு அடுத்து மூலநூல் தேவைப்படும். வழி அங்கேதான் அடைபடுகிறது.

காத்திருந்தால் தானாகத் திறக்கும் வழியும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ரீட் டேலி 2010-இல் மறைந்தார், ஸ்டிஃப் 2016-இல் மறைந்தார். ஆக 2060-க்கு முன் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது வழக்கம். அப்படி ஓர் ஏற்பாட்டை உங்களிடம் கேட்கவில்லை. உரிமை உங்களிடமே இருக்கட்டும். புத்தகம் மட்டும் வெளியே வரட்டும்.

எப்படிக் கொண்டுவரலாம் என்பதையும் சொல்கிறோம். பழைய நூல்களுக்குக் கணினிக் கோப்பு இருக்காது, தாள்களை வருட (ஸ்கேன் செய்ய) வேண்டும். பிரதி இல்லையென்றால், தென்னாப்பிரிக்காவில் வெளியான நூல்கள், பதிப்பாளர்கள் சட்டப்படி பிரதி கொடுக்க வேண்டிய சட்ட வைப்பு நூலகங்களுக்குப் போயிருக்க வேண்டும். பிரிட்டோரியா, கேப்டவுன், புளூம்ஃபான்டைன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் கேட்டுப் பாருங்கள். முதுகைப் பிரித்துத் தாள் தாளாக வருடினால்தான் உள் ஓரத்து எழுத்துகள் வளையாது. உரையையும் வரைபடக் கோடுகளையும் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுங்கள். ஒளிப்படங்களில்தான் வேலை கெட்டுப்போகும். அச்சிட்ட படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் வலை. அதன் மேல் வருடியின் வலை விழும்போது அலையலையாகக் கோலம் தோன்றி, முகம் எது புதர் எது என்று தெரியாமல் போகும். 600-இல் வருடி, புள்ளி நீக்கும் வடிகட்டியைச் செலுத்தி, பிறகு 300-க்குக் குறைத்தால் அந்தக் கோலம் பெருமளவு மறையும். முதலிலேயே 300-இல் வருடிவிட்டுப் பின்னால் சரிசெய்ய முடியாது.

இரண்டு பக்கம் பரந்த வரைபடத்தை மின்னூலில் இரண்டு படமாக வெட்டாதீர்கள். மடிப்பில் போவது பெரும்பாலும் சண்டை நடந்த இடமாகவே இருக்கிறது. ஒரே படமாக ஒட்டி, பெரிதாக்கிப் பார்க்க விடுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் இடப்பெயர்களில் தடுமாறும். சிமோயோ, ஈன்ஹானா, மாவிங்கா, கியூட்டோ குவானவாலே போன்ற பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். பெயர் மாற்ற அட்டவணை ஒரு பக்கம் சேருங்கள். சாலிஸ்பரி ஹராரே ஆனதும் உம்டாலி முட்டாரே ஆனதும் 1982-இல். இன்றைய வரைபடத்தை வைத்துப் படிக்கும் இளைஞருக்கு உம்டாலி அகப்படாது.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 500 பக்கத்தைத் தாண்டிய நூலுக்கு உள் ஓரம் 22 மில்லிமீட்டராவது விடுங்கள். பழைய பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சிடும் மறுபதிப்புகளில் வரிகளின் முனை முதுகுக்குள் புதைந்துவிடுகிறது. விரித்துப் பிடித்தால் பசை விட்டுத் தாள் கழன்று வருகிறது. ஒளிப்படங்களின் உரிமை தனி. உரிமையாளர் அகப்படாத படத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் என்ன படம் இருந்தது என்று ஒரு வரி போடுங்கள். அதற்காக முழு நூலையும் நிறுத்தி வைக்க வேண்டாம். மின்னூலை விற்பனைக்கு ஏற்றும்போது உலகம் முழுமைக்கும் என்று குறியுங்கள். உங்கள் நாட்டில் கிடைக்காது என்ற செய்தி நமீபியாவின் விண்ட்ஹூக்கிலும் ஜிம்பாப்வேயின் புலவாயோவிலும் வருமானால் எல்லா உழைப்பும் வீண்.

உரையில் கை வைக்காதீர்கள். இன்று கூசும் சொற்கள் அவற்றில் நிறைய உண்டு, அப்படியே இருக்கட்டும். அதற்குப் பதில் வரலாற்று ஆய்வாளர் ஒருவரிடம் பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு முன்னுரை வாங்குங்கள். ரோடீசிய வீரர்கள் எழுதிய நூல்களையே ஆராய்ந்து லூயிஸ் வைட் 2021-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். 32 பட்டாலியன், கூஃபுட் போன்றவற்றின் கறுப்பின வீரர்களைப் பற்றி லென்னார்ட் பொலிகரும் அதே ஆண்டு எழுதினார். எந்தத் தகவல் சோதித்து உறுதியானது, எது மறுக்கப்பட்டது என்று சொல்லத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நியாட்சோன்யா அத்தியாயத்துக்கு முன்னால் அகதிகள் ஆணையத்தின் நிலைப்பாடு இரண்டு பக்கம் இருந்தாலே வாசிப்பு வேறாகிவிடும்.

தென்னாப்பிரிக்க நிதித்துறைக்கும் ஒரு வரி: பிரிட்டனில் அச்சு நூலுக்கு மதிப்புக் கூட்டு வரி சுழியம், 2020 மே முதல் மின்னூலுக்கும் அப்படியே. உங்கள் நாட்டில் இரண்டுக்கும் 15 விழுக்காடு.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ‘டாப் சீக்ரெட் வார்’, ‘தி எலீட்’, 32 பட்டாலியனைப் பற்றி பிரெய்டன்பாக் 1990-இல் எழுதிய ‘தே லிவ் பை த ஸ்வோர்ட்’ இந்த மூன்றில் தொடங்குங்கள். மூன்றுமே உரை மிகுந்தவை. வண்ணத்தாள் இல்லாமலே நிற்கும். எழுத்துணரிப் பிழை திருத்த ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் இருக்கிறார்கள், கூலி வேண்டாம். அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினால் இடப்பெயர்ப் பட்டியலோடு திருத்தித் திருப்பி அனுப்புகிறோம். உரிமை யாரிடம் இருக்கிறது என்ற விவரத்தையாவது உங்கள் இணையதளத்தில் நூல்வாரியாக வெளியிடுங்கள். இப்போதைக்கு அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இப்படிக்கு,
ஆப்பிரிக்கப் போர் வரலாறு படிக்கும் தமிழ் வாசகர்கள் சிலர்