நான் எழுதாமல் விட்ட வரி

மன்னார்குடி
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

நலம். உன் நலமும் அவர் நலமும் அறிய ஆசை. போன வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. முதல் தடவை பஸ்ஸில் கேட்டேன், பாதிக்கு மேல் ஹாரன் சத்தத்தில் போய்விட்டது. இரண்டாவது தடவை அடுப்படியில், குக்கர் விசிலுக்கு நடுவே. மூன்றாவது தடவை எல்லோரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அவருக்குக் காலில் புண் இன்னும் ஆறவில்லை என்றாய், டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார் என்றாய். நடுவில் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாய். கடைசியில், "இன்னும் ஏண்டி கடுதாசி எழுதிக்கிட்டிருக்கே, மைக்கை அழுத்திப் பேசு, கை வலிக்காது" என்றாய். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மாவின் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். உன் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த ஆவணியில் 82 முடிகிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் என்பது உனக்குத் தெரியும். சித்தி நாலாவது வரை படித்தாள். கல்யாணமாகி 1968-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேசியாவில் இருக்கிற ஈப்போவுக்குப் போனாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதில் பெரும்பாலும் என் கையால் நடந்ததுதான். ஐந்தாம் வகுப்பில் எழுத ஆரம்பித்தேன். நீல ஏரோகிராம், மூன்று பக்கமும் மடித்து ஒட்ட வேண்டும், உள்ளே எதையும் வைக்கக் கூடாது. அம்மா திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள், நான் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவேன். "மாடு கன்னு போட்டிருக்கு, கெடேரி, நெத்தியில வெள்ளை, உனக்குப் புடிச்ச மாதிரி" என்று அவள் சொன்னால், "நமது பசு ஒரு கன்று ஈன்றுள்ளது" என்று எழுதுவேன். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நெற்றியில் வெள்ளை இருப்பதெல்லாம் கடிதத்தில் எழுதுகிற விஷயமா என்று அந்த வயதில் எனக்கு ஒரு எண்ணம்.

சித்தியின் பதில் வந்தால் படித்துக் காட்டுவதும் நான்தான். 1978-இல் அரசு எழுத்துகளைச் சீர்திருத்தியதற்கு முன்பே கப்பல் ஏறியவள் என்பதால், அவள் லை, னை எல்லாம் கடைசிவரை யானைத் தும்பிக்கையோடுதான் வரும். சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் வந்து, "இன்னொரு தடவை படியேன்" என்று நிற்பாள். பரீட்சை நேரமாக இருந்தால் எரிந்து விழுந்திருக்கிறேன்.

1979 தை மாதம் தாத்தா போனார். சித்திக்கு முதலில் தந்தி கொடுத்தோம். வெளிநாட்டுத் தந்தி, வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. மாமா போய் 'ஃபாதர் எக்ஸ்பயர்ட்' என்று கொடுத்துவிட்டு வந்தார். இங்கிலீஷ் தெரியாத சித்திக்கு அதை யார் படித்துச் சொன்னார்களோ. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா என்னை உட்கார வைத்துக் கடிதம் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்: "தாத்தா அவர்கள் 19ஆம் தேதி இயற்கை எய்தினார்கள். காரியங்கள் நல்லபடியாக முடிந்தன. தாங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளவும்." அவள் சொன்னதில் நான் எழுதாமல் விட்டது என்னவென்று எனக்கு அடியோடு மறந்துபோயிற்று.

போன தீபாவளிக்கு என் மகன் தன்னுடைய பழைய போனை அம்மாவிடம் கொடுத்தான். ஈப்போவில் சித்திக்கு அவள் பேத்தி குரல்பதிவு அனுப்பச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்தே தெரியாதவளுக்கு இது எப்படிப் பிடிபடும் என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் அந்தத் திரையில் அம்மாவுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. சித்தியின் முகம் உள்ள வட்டம் ஒன்று, கீழே வலது மூலையில் மைக் ஒன்று. வட்டத்தைத் தொடு, மைக்கை அழுத்திப் பிடி, பேசு, விரலை எடு. இடம் மறக்காமலிருக்க, போனின் விளிம்பில் அந்த மூலைக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். இரண்டு நாள் சரியாக நடந்தது. மூன்றாம் நாள், "பொட்டு இருக்கு, மைக்கைக் காணோம்" என்று வந்து நின்றாள். பக்கத்தில் இருக்கும் எழுதுகிற கட்டத்தில் விரல் பட்டிருக்கிறது. உடனே விசைப்பலகை எழும்பி, மைக்கைத் திரையின் நடுவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நமக்கு அது பெரிதாகத் தெரியாது. அம்மாவுக்கு வீட்டு வாசற்படி இடம் மாறின மாதிரி. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று பழக ஒரு வாரமாயிற்று.

இன்னொரு சிக்கல் அவள் கட்டைவிரல். நாற்று நட்டுக் காய்த்த விரல், அழுத்திப் பிடிக்கும்போது இடது பக்கம் நழுவிவிடும். நழுவினால் பேசியதெல்லாம் அழிந்துபோகும். ஒரு நாள் நாலு நிமிஷம் பேசியது அப்படிப் போயிற்று. அன்றைக்கு அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. விரலை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பேசலாம் என்று காட்டினேன். அதை உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, சித்தி எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி, கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறாள்.

கார்த்திகையில் ஒரு நாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து அவள் குரல் வந்தது. "ராத்திரி ரெண்டு மணி இருக்கும் பாப்பா. அப்பா தண்ணி கேட்டாரு. ரெண்டு வாய் குடிச்சாரு. சின்னவ கப்பல் வந்திருச்சான்னாரு. வந்துக்கிட்டிருக்குப்பான்னு சொன்னேன். பொய்தான் சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடுனாரு. இதையெல்லாம் எழுதுன்னு அப்பவே செல்விகிட்ட சொன்னேன். எழுதுனாளா என்னன்னு தெரியல."

எழுதவில்லை மல்லிகா. 'இயற்கை எய்தினார்கள்' என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் சித்தியின் பதில் வந்தது. அம்மா போட்டுக் கேட்டாள், நானும் பக்கத்தில் இருந்தேன். பேசினால் கோடு கோடாக எழும்புமே, அது எழும்பவே இல்லை. வெறும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. பதிவாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு மூச்சுச் சத்தம் கேட்டது. கடைசியில் 'அக்கா' என்று ஒரே ஒரு வார்த்தை. 46 வருஷம் கழித்து அப்பாவின் கடைசி வார்த்தை அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா அந்தப் பதிவைத் தானே எடுத்துப் போட்டுப் போட்டுக் கேட்கிறாள். இன்னொரு தடவை படியேன் என்று யார் பக்கத்திலும் போய் நிற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அம்மாவுக்கு உலகமே காது வழியாகத்தான் வந்திருக்கிறது. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து வரும் வானொலிச் செய்தி உனக்கு ஞாபகம் இருக்கும். 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்ற குரல் வந்ததும் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற வழியெல்லாம் ஒரு செய்தியும் விட்டுப்போகாது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பாள். சாயங்காலம் அப்பா பேப்பரில் படித்ததைச் சொன்னால், "காலையிலேயே அந்தம்மா சொல்லிட்டாங்க" என்பாள். கேட்க மட்டுமே முடிந்தவளுக்கு இப்போதுதான் திருப்பிச் சொல்லவும் வாய் கிடைத்திருக்கிறது. அதனால் மைக்கைப் பற்றி நான் ஒரு சொல் குறைவாகப் பேச மாட்டேன்.

ஆனால் நீயும் நானும் அம்மா இல்லையே.

1981-ஐ நினைத்துப் பார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி பேட்ச். 'யளனகபக' என்று பக்கம் பக்கமாக அடித்தோம். 'கொ' வேண்டுமென்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். நாக்கு ஒரே எழுத்தாகச் சொல்வதை விரல் மூன்று துண்டாக, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்துகளையும் ஒரு சின்னப் பொறியின் விசைகளுக்குள் அடக்கினார் என்று மாஸ்டர் சொன்னபோது நமக்கு அதன் அருமை தெரியவில்லை. லோயர் பரீட்சை பாஸானால் போதும் என்று இருந்தோம். அந்த வரிசையில்தான் 35 வருஷம் ஆபீசில் அடித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு மகனுடைய கம்ப்யூட்டரில் தமிழ்99 பழகினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'தம்பி' என்று அடிக்க நாலே தட்டு: த, ம, ப, இ. ம-வுக்குப் பின்னால் ப வந்தால் ம தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். 'அம்மா' என்றால் அ, ம, ம, ஆ. ஆறாம் வகுப்பில் இன எழுத்து என்று படித்தோமே, ங்க, ஞ்ச, ண்ட, ந்த, அத்தனையும் அதற்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்ச் சொல் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்தது என்பது விரலுக்கே புரிகிறது. ஒரு மாதம் என் விரல் பழைய இடத்துக்கே ஓடியது. கொம்பைத் தேடித் தேடி அலைந்தது. இப்போது பழகிவிட்டது. இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான். பேத்தி எனக்கு இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்டீங்களா' என்று அனுப்புகிறாள், நான் தமிழில்தான் பதில் போடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம், அவள் அம்மா சொன்னாள். நிறுத்த மாட்டேன்.

இப்போது உன் பதிவுக்கு வருகிறேன். நீ 1986-இல் நாக்பூரிலிருந்து எழுதிய முதல் கடிதம் இன்னும் எங்கள் வீட்டுக் கம்பியில் குத்தியிருக்கிறது. நேற்று மேலே இருந்ததையெல்லாம் கழற்றி அதை எடுத்தேன். கம்பி குத்திய ஓட்டையைச் சுற்றித் துருக்கறை. வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய், கடையில் தேங்காய் கேட்கத் தெரியாமல் கையால் காட்டியதை எழுதியிருக்கிறாய். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியை அடித்து அடித்து மறைத்திருக்கிறாய். அன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 'அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு' என்று இருந்தது. அதை வைத்துத்தான் உன் அம்மாவிடம் போய், ஒரு நடை அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மருமகளைப் பற்றிச் சொல்ல வந்து நிறுத்தினாயே, அந்த இடத்தை நான் மறுபடி மறுபடி கேட்டேன். மிக்ஸி சத்தம் வருகிறது, அப்புறம் நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதை எந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், சொல். வேகத்தைக் கூட்டி இரட்டை வேகத்தில் ஓடவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறான் மகன். உன் குரலை அப்படி ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. நீ சொன்ன இரண்டு மருந்தின் பெயரையும் காதால் கேட்டு எழுதி வைத்தேன். இங்கே மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, இப்படி ஒன்று இல்லையே என்றார்.

உனக்குக் கை வலிக்கிறது என்பது தெரியும். மூன்று பக்கம் கேட்கவில்லை. உள்ளே ஒரு இன்லேண்ட் வைத்திருக்கிறேன், என் முகவரியும் எழுதிவிட்டேன். மருந்துச் சீட்டைப் பார்த்து அந்தப் பெயர்களை அப்படியே எழுது. புண் எந்த விரலுக்குப் பக்கத்தில் என்று எழுது. மருமகள் விஷயத்தையும் எழுது. எழுதிவிட்டு வேண்டாமென்று தோன்றினால் அடித்துவிடு, பரவாயில்லை.

அம்மா உன்னை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவளே உனக்குப் பேசி அனுப்புவாளாம்.

அன்புடன்
செல்வி