பல்லுயிர்ப் பதிவேட்டைக் கிராம சபையில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் கனிமச் சுரங்க ஏலம் ரத்தானது எந்தக் கட்சியால் என்று இன்னமும் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லிக்குப் போய் மத்திய அமைச்சரைப் பார்த்தார்கள், 2025 ஜனவரி 23 அன்று ரத்து அறிவிப்பு வந்தது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் ஏலத்துக்கு இரண்டு வருடம் முன்பே நடந்த ஒரு காரியத்தை யாரும் பேசக் காணோம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர் வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அரசிதழில் வந்தது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. இப்படித் தலங்களை அறிவிக்க வழிசெய்யும் அதன் 37-ஆவது பிரிவைத் தமிழ்நாட்டில் பயன்படுத்த 20 வருடம் ஆகியிருக்கிறது. இது தானாக வந்த அறிவிப்பு கிடையாது. கிரானைட் குவாரிக்காரர்கள் அந்த மலைகள் மேல் கண் வைத்தபோதே எதிர்த்து நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் என்னவெல்லாம் செய்தது என்பதற்கு ரோட்டோரப் பள்ளங்களே சாட்சி. குவாரி வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை, பறவை பார்ப்பவர்களையும் கல்வெட்டு படிப்பவர்களையும் ஊருக்குள் வரவேற்றார்கள், மலையில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சேர்ந்துகொண்டே வந்தது. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு, 72 ஏரி கண்மாய்கள், 200 ஊற்றுகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகள், சமணர் படுகைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில். இவ்வளவும் அரசுக் காகிதத்தில் ஏறியது அப்படித்தான்.

சரி, அந்தக் காகிதம் சுரங்கத்தைத் தடுத்ததா? தடுக்கவில்லை. அறிவிப்பு இருக்கும்போதே 2,015 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை, பாரம்பரியத் தலத்தையும் உள்ளே வைத்தே, 2024 நவம்பரில் ஏலம் விட்டார்கள். ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும் மத்திய அரசு முதலில் இறங்கி வந்த இடம் அந்த 193 ஹெக்டேர்தான். தலத்தை விட்டுவிட்டு எல்லையை மறுபடி ஆய்வு செய்யலாம் என்று டிசம்பர் 24 அன்று சொன்னது. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைத் தோண்டலாம் என்ற அந்தச் சமாதானத்தை மக்கள் ஏற்கவில்லை என்பதுதான் எனக்கு இந்தப் போராட்டத்திலேயே மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மலையில் விழுகிற மழை ஓடையாக இறங்கி ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற பூமி அது, நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் சுரங்கம், அந்தப் பக்கம் சரணாலயம் என்று பிரிக்க முடியாது என்பது அங்கே விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி நடந்தார்கள். முழு ஏலமும் ரத்தானது அதற்கு அப்புறம்தான்.

கூட்டம் இல்லாமல் காகிதம் ஜெயித்திருக்காது, காகிதம் இல்லாமல் கூட்டத்துக்குப் பிடி கிடைத்திருக்காது. இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி டங்ஸ்டன் போன்ற 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமிருந்து ஒரு குறிப்பாணை வந்தது, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் அணு கனிமச் சுரங்கங்களுக்கும் இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எந்த லட்சணத்தில் நடக்கும் என்பது தெரிந்ததே, ஆனாலும் எழுந்து நின்று நம் பெயரைச் சொல்லி ஆட்சேபணையைப் பதிவு செய்ய அந்த ஒரு இடமாவது இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். இது அநியாயம். அந்தக் குறிப்பாணையை வாபஸ் வாங்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்களைக் கேட்டு, ஊரில் உள்ள உயிர்களையும் அவை பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த வேலை இது. தனி மனிதர் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலம் ஒவ்வொன்றும் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்த பிறகுதான் நாடு முழுக்க வேகமாக நடந்தது. அந்த வேகத்திலேயே குறையும் இருக்கிறது. ஊருக்குள் யாரையும் கேட்காமல் மேசையில் உட்கார்ந்து நிரப்பிய பதிவேடுகள் நிறைய இருக்கும் என்பது என் சந்தேகம். எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நண்பர்கள் பதிவேட்டைக் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஒரு கூட்டத்தில் எழுந்து, நம் ஊர்ப் பதிவேடு எங்கே, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். பதிவேட்டில் ஊர்க் கண்மாயும் கோயில் காடும் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். ஆடு மேய்ப்பவர்களையும் வைத்தியம் தெரிந்த பாட்டிகளையும் கேட்காமல் அந்தப் பட்டியல் முழுசாகாது. பெரிய மலையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2025-இல் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில் காட்டின் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபைக்கு முந்தின வாரம், மாவட்டச் செய்திப் பக்கத்தில் எந்தெந்த ஊராட்சியில் இந்தக் குழு உண்மையாகவே கூடுகிறது, பதிவேட்டைக் கேட்டால் காட்டுகிறார்களா என்று உங்கள் நிருபர்களை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். மேலூர் வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டத்து வாசகர் ஒருவர்